ஸ்பெஷாலிட்டி மருந்து விற்பனை வேலை: சம்பளத்துக்கு முன்னால் டெரிட்டரியைப் பாருங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் மாத்திரைகளுக்கான பிரைமரி கேர் ரெப்பாக, அதாவது பொது மருத்துவர்களைப் பார்த்து மருந்தை எடுத்துச் சொல்லும் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறீர்கள். இப்போது கையில் இரண்டு ஸ்பெஷாலிட்டி ஆஃபர், அதாவது பொதுவாகச் சிறப்பு மருத்துவர்கள் எழுதும் விலை கூடிய மருந்துகளை விற்கும் வேலை. முதலாவது அரிய நரம்பு நோய்க்கான, இன்னும் அங்கீகாரம் கிடைக்காத ஊசி மருந்து. பேஸ் (வருட அடிப்படைச் சம்பளம்) 1,55,000 டாலர், வருட இன்சென்டிவ் டார்கெட் (விற்பனை இலக்கை முழுதாக எட்டினால் வரும் ஊக்கத்தொகை) 50,000 டாலர், டெரிட்டரி (உங்கள் பொறுப்பில் வரும் பகுதி) ஐந்து மாநிலம், 'பயணம் 50 சதவீதம்'. இரண்டாவது தோல்நோய்க்கான பயாலஜிக் மருந்து (உயிரணுக்களைக் கொண்டு தயாரிப்பது). பேஸ் 1,32,000, டார்கெட் 42,000, ஒரு பெருநகரமும் சுற்றியுள்ள சில ஊர்களும், 'பயணம் 20 சதவீதம்'. மனைவியும் வேலைக்குப் போகிறார், குழந்தைக்கு நான்கு வயது. இந்தச் சம்பளம் நியாயமானதா, 50 சதவீதப் பயணம் என்றால் நிஜத்தில் எப்படி இருக்கும், பேசிக் குறைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலில் பத்தொன்பது வருடம் இருந்தவன். முதலில் உங்களைப் போலப் பிரைமரி கேர், பிறகு தோல்நோய், கடைசியாக அரிய நோய். நடுவில் மேனேஜராக இருந்து ஆட்களை வேலைக்கு எடுத்த அனுபவமும் உண்டு. இரண்டு ஆஃபரும் சந்தை நிலவரத்துக்கு ஒத்துத்தான் வருகின்றன, யாரும் உங்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிரைமரி கேரில் சம்பளம் தனி, அலைச்சல் தனி. ஸ்பெஷாலிட்டியில் இரண்டுமே ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: அந்த மருந்துக்கு எத்தனை நோயாளிகள் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். பத்து லட்சம் பேரில் பத்துப் பேருக்கு வரும் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்து மாநிலத்திலும் சேர்த்து இரண்டரைக் கோடி மக்கள் என்றால், மொத்தம் 250 நோயாளிகள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் என்னவென்றே இன்னும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இன்னொரு பகுதியினர் வேறு மருந்தில் நிம்மதியாக இருப்பார்கள். மீதமுள்ள சில டஜன் பேர்தான் உங்கள் சந்தை. அவர்களைப் பார்க்கும் டாக்டர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக மருத்துவமனைகளில், ஒன்றுக்கொன்று 200, 300 மைல் தள்ளி இருப்பார்கள். ஆக, வாரா வாரம் காரிலோ விமானத்திலோ போய்த்தான் ஆக வேண்டும். அந்தச் சில டஜன் பேரில் ஒவ்வொருவருடைய சிகிச்சைக்கும் வருடத்துக்கு லட்சக்கணக்கில் டாலர் ஆகும் என்பதால்தான் கம்பெனியால் உங்களுக்கு அந்த பேஸைத் தர முடிகிறது.

அமெரிக்கச் சட்டம் இதற்கு ஒரு எல்லை வகுத்திருக்கிறது. 1983இல் வந்த ஆர்ஃபன் டிரக் சட்டத்தின்படி, நாட்டில் இரண்டு லட்சம் பேருக்கும் குறைவானவர்களைப் பாதிப்பது அரிய நோய். 'ஸ்பெஷாலிட்டி' என்ற சொல்லுக்கு அத்தனை கறாரான வரையறை கிடையாது. முதியோருக்கான அரசு மருந்துக் காப்பீடான மெடிக்கேர் பார்ட் டி திட்டம் மட்டும் விலையை வைத்து ஒரு கோடு போடுகிறது. 2024இல் அது மாதத்துக்கு 950 டாலர். அதைத் தாண்டிய மருந்தைக் காப்பீட்டுத் திட்டங்கள் ஸ்பெஷாலிட்டி அடுக்கில் வைக்கலாம். அதனால் 'ஸ்பெஷாலிட்டி ரெப்' என்ற பெயரை மட்டும் கேட்டு மயங்க வேண்டாம். தோல்நோய் மருந்தும் ஸ்பெஷாலிட்டிதான், நாடு முழுவதும் சில ஆயிரம் பேருக்கு மட்டும் வரும் நோய்க்கான மருந்தும் ஸ்பெஷாலிட்டிதான். இரண்டிலும் ரெப்பின் வாழ்க்கை வேறு வேறு.

சம்பளத்துக்கு வருவோம். நான் பார்த்த ஆஃபர்களில், அனுபவமுள்ள ரெப்புக்குத் தோல், மூட்டு, குடல் அழற்சி போன்ற பயாலஜிக் மருந்துகளில் பேஸ் 1,20,000 முதல் 1,50,000 டாலர் வரை இருக்கும். அரிய நோயிலும் புற்றுநோயிலும் அதற்கு மேல் தொடங்கும். நான் சொல்வதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கொலராடோவில் 2021 முதலும், கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலங்களில் 2023 ஜனவரி முதலும், நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பர் முதலும் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. உங்களை அழைத்த அதே கம்பெனி அந்த மாநிலங்களில் இதே வேலைக்குப் போட்ட விளம்பரத்தைத் தேடி எடுங்கள். கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் அதில் அச்சாகியிருக்கும். ரெக்ரூட்டர் 'இதுதான் எங்கள் உச்சம்' என்று சொல்லும்போது அந்தத் தாள் உங்கள் கையில் இருப்பது நல்லது.

இப்போது இன்சென்டிவ். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் பிரைமரி கேரிலிருந்து வருகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் இப்போதைய வேலையில் காலாண்டுக்கு ஆயிரக்கணக்கில் பிரிஸ்கிரிப்ஷன். ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு எழுதாமல் விட்டால் உங்கள் கணக்கில் தெரியவே தெரியாது. முதல் ஆஃபரில் காலாண்டு கோட்டா (எட்ட வேண்டிய விற்பனை எண்ணிக்கை) ஆறு புதிய நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருட டார்கெட் 50,000 என்றால் காலாண்டுக்கு 12,500. கோட்டாவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது, 80ஐத் தொட்டால் பாதிப் பணம், அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இரண்டரைச் சதவீதம் கூடும் என்பது போன்ற திட்டங்கள் உண்டு. ஆறு பேரும் மருந்தைத் தொடங்கினால் முழு 12,500. ஒருவருடைய காப்பீட்டு அனுமதி மட்டும் மூன்று வாரம் இழுத்து அடுத்த காலாண்டுக்குப் போய்விட்டால் நீங்கள் 83 சதவீதம். கையில் வருவது ஏறக்குறைய 7,300. ஒரே ஒரு நோயாளியின் தாள் ஒரு மேசையில் தங்கியதற்காக 5,200 டாலர் போய்விட்டது. இரண்டு பேருடையது தங்கினால் பூஜ்யம். உங்கள் உழைப்பில் ஒரு குறையும் இருந்திருக்காது.

தோல்நோய் ஆஃபரில் கோட்டா காலாண்டுக்கு 240 பிரிஸ்கிரிப்ஷன் என்று வைத்துக்கொண்டால், ஒன்று தவறினால் அரைச் சதவீதம்கூட இல்லை. ஆக, டார்கெட் 50,000 என்பதும் டார்கெட் 42,000 என்பதும் ஒரே தராசில் வைக்கக்கூடிய எண்கள் அல்ல. முன்னது ஏறி இறங்கும் பணம், பின்னது ஓரளவு நிலையான பணம். வீட்டுக் கடன் தவணையும் குழந்தையின் பராமரிப்புச் செலவும் பேஸ் சம்பளத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். இன்சென்டிவை எண்ணி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். போனஸ் வரும்போது கூட்டாட்சி வரி வழக்கமாக 22 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கைக்கு வரும், மற்றப் பிடித்தங்கள் தனி.

அடுத்து, விற்பனை யார் கணக்கில் ஏறும் என்ற கேள்வி. இதைக் கேட்கும் விண்ணப்பதாரர் பத்துப் பேரில் ஒருவர்கூடக் கிடையாது. ஆனால் உள்ளே போன பிறகு ரெப்புகள் ராத்திரித் தூக்கம் கெட்டுப் பேசுவது இதைப் பற்றித்தான். சாதாரண மாத்திரைக்குச் சில்லறை மருந்துக் கடைகளின் தரவைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன, டாக்டர் வாரியாக எண் வந்துவிடும். ஸ்பெஷாலிட்டி மருந்து இத்தகைய மருந்துக்கென்றே உள்ள ஒரு சில ஸ்பெஷாலிட்டி ஃபார்மசிகள் வழியாகத் தபாலில் நோயாளியின் வீட்டுக்குப் போகும், அல்லது மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் இன்ஃபியூஷன் மையத்துக்குப் போகும். டாக்டர் உங்கள் டெரிட்டரியில், நோயாளி பக்கத்து மாநிலத்தில், ஊசி போடும் மையம் மூன்றாவது இடத்தில் என்றால் கணக்கு யாருக்கு? சில கம்பெனிகள் டாக்டரின் முகவரியைப் பார்க்கும், சில கம்பெனிகள் மருந்து போய்ச் சேர்ந்த முகவரியைப் பார்க்கும், சில இரண்டு இடத்து ரெப்புகளுக்கும் பிரித்துத் தரும். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை உங்கள் பக்கம் இருந்தால் முதல் முறை உங்களுக்கு லாபம். நோயாளிகள் நோயைக் கண்டுபிடித்துக்கொண்டு தங்கள் ஊருக்குத் திரும்பி அங்கே ஊசி போட்டுக்கொள்கிறார்கள் என்றால் இரண்டாவது முறையில் நீங்கள் உழைத்ததை இன்னொருவர் வாங்கிக்கொள்வார்.

எனக்கே இப்படி நடந்தது. எட்டு மாதம் ஒரு நரம்பியல் பிரிவுக்கு நடையாய் நடந்து, அங்கே ஒன்பது பேர் மருந்தைத் தொடங்கினார்கள். அதில் ஆறு பேருக்கு ஊசி போட்டது மாநில எல்லைக்கு அப்பால் ஒரு மையத்தில். கம்பெனி மருந்து போய்ச் சேர்ந்த முகவரியைத்தான் எடுத்தது. விதி முதல் நாளே திட்ட ஆவணத்தில் எழுதியிருந்தது. நான் ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: ஆஃபர் லெட்டர் வந்ததும் இன்சென்டிவ் திட்டத்தின் முழு ஆவணத்தைக் கேளுங்கள். முழுதாகத் தர முடியாது என்றால் நான்கு விஷயத்தையாவது மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்: எத்தனை சதவீதத்திலிருந்து பணம் தொடங்கும், உச்சவரம்பு உண்டா, கணக்கு எந்த முகவரியில் ஏறும், மருந்து ஏற்கெனவே விற்பனையில் இருந்தால் போன நான்கு காலாண்டுகளில் இந்த டெரிட்டரிக்குக் கோட்டா எவ்வளவு, எட்டியது எவ்வளவு. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

உங்கள் முதல் ஆஃபர் இன்னும் அங்கீகாரம் கிடைக்காத மருந்து என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ ஒரு புது மருந்தின் கோப்பை ஏற்றுக்கொண்ட பிறகு வழக்கமான பரிசீலனைக்குப் பத்து மாதம், முன்னுரிமைப் பரிசீலனைக்கு ஆறு மாதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. அந்தத் தேதியை நம்பித்தான் கம்பெனிகள் ஆள் எடுக்கின்றன. தேதியன்று அங்கீகாரத்துக்குப் பதில் 'இந்தக் குறைகளைச் சரி செய்யுங்கள்' என்ற கடிதமும் வரலாம். அப்போது ஒரு மருந்தை மட்டுமே நம்பியிருக்கும் சின்னக் கம்பெனி முதலில் கைவைப்பது விற்பனைக் குழுவின்மேல்தான். ஆஃபர் 'அங்கீகாரத்துக்கு உட்பட்டது' என்று இருக்கிறதா, அங்கீகாரம் தள்ளிப்போனால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்று கேட்காமல் இப்போதைய வேலையை விடாதீர்கள். அங்கீகாரம் வந்துவிட்டாலும் முதல் இரண்டு காலாண்டில் காப்பீட்டு நிறுவனங்கள் மருந்தைப் பட்டியலில் சேர்க்கவே நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக்கு இன்சென்டிவை உத்தரவாதமாகக் கேளுங்கள். புது மருந்து அறிமுகத்தில் இது நடைமுறையில் உள்ளதுதான், நீங்கள் ஒன்றும் அதிகப்படியாகக் கேட்கவில்லை.

பங்குகளும் தருவதாகச் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி நேரடியாகப் பங்கு தந்தால் அதற்கு மதிப்பு உண்டு, ஆனால் மூன்று நான்கு வருடத்தில் துண்டு துண்டாகத்தான் கைக்கு வரும். சின்னக் கம்பெனியின் ஆப்ஷன்களை (பிறகு ஒரு குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) நான் கணக்கில் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வேன், வந்தால் சந்தோஷம்.

இன்சென்டிவைப் பற்றி இன்னொன்று, இது பணத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு கம்பெனி எதற்குப் பணம் கொடுக்கிறது என்பதை வைத்து அது எப்படிப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். இன்சிஸ் தெரபியூடிக்ஸ் என்ற கம்பெனி ஃபென்டனில் என்ற மிக வீரியமான வலி மருந்தின் ஸ்பிரே ஒன்றை விற்றது. புற்றுநோய் வலிக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற மருந்து. ரெப்புகளுக்கு அடிப்படைச் சம்பளம் குறைவு, கமிஷன் ஏராளம், டாக்டர் அதிக டோஸ் எழுத எழுத ரெப்புக்குப் பணம் கூடும். அதன் நிறுவனர் ஜான் கபூர் 2019 மே மாதம் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2020 ஜனவரியில் ஐந்தரை வருடச் சிறை. மேலாளர்களும் சிறைக்குப் போனார்கள். மறுபக்கம், கிளாக்ஸோஸ்மித்கிளைன் 2011இல் அமெரிக்காவில் தனித்தனி ரெப்பின் விற்பனை எண்ணிக்கையை வைத்து போனஸ் தருவதையே நிறுத்தியது. அடுத்த வருடம் அது 300 கோடி டாலர் கொடுத்து அரசுடன் முடித்துக்கொண்ட வழக்கின் ஒப்பந்தத்திலும் அந்தக் கட்டுப்பாடு இடம்பெற்றது. பிறகு 2019இல் ஸ்பெஷாலிட்டி மருந்துகளை விற்பவர்களுக்கு அந்த விதியைத் தளர்த்தியது, நல்ல ஆட்கள் வேறு கம்பெனிகளுக்குப் போகிறார்கள் என்பதற்காக. ஆக, பேஸ் மிகக் குறைவாகவும் கமிஷனுக்கு உச்சவரம்பே இல்லாமலும் ஒரு ஆஃபர் வந்தால், குறிப்பாக டோஸை வைத்துப் பணம் என்றால், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் இரண்டு ஆஃபரிலும் பேஸ் நான்கில் மூன்று பங்கு இருக்கிறது, அது ஆரோக்கியமான விகிதம்.

இனி அலைச்சல். '50 சதவீதம்' என்ற சொல்லுக்கு யாரும் ஒரே அர்த்தம் சொல்வதில்லை. ஒருவருக்கு அது வாரத்தில் இரண்டு ராத்திரி வெளியில். இன்னொருவருக்கு ஐந்து நாளில் இரண்டரை நாள் ஐம்பது மைலுக்கு அப்பால், ஆனால் ராத்திரி வீட்டில். மூன்றாமவருக்கு மாதத்தில் இரண்டு வாரம் முழுதாக வெளியில். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு ராத்திரிகளை எண்ணுங்கள். 'இந்த டெரிட்டரியில் இப்போது வேலை பார்ப்பவர் போன வருடம் எத்தனை ராத்திரி ஹோட்டலில் தங்கினார்?' என்று ஹயரிங் மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். செலவுக் கணக்கு அவரிடம் இருக்கிறது, எண் அவருக்குத் தெரியும். இன்னும் ஆள் இல்லாத புது டெரிட்டரி என்றால், எத்தனை ராத்திரி என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு ராத்திரி என்றால், விடுமுறைகள் போக 46 வாரத்துக்கு 92. அதோடு நிற்காது. ஜனவரி வாக்கில் தேசிய விற்பனைக் கூட்டம், நடுவருடத்தில் இன்னொரு கூட்டம், மண்டலக் கூட்டங்கள், மருத்துவ மாநாடுகள். இவற்றையெல்லாம் சதவீதத்தில் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். புற்றுநோய்த் துறைக்குப் போனால் மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் ஆஸ்கோ மாநாட்டுக்காகச் சிகாகோ, டிசம்பரில் ரத்தவியல் மாநாடு, இரண்டிலும் சனி ஞாயிறு போய்விடும். ஒரு பதினைந்து ராத்திரி சேர்த்தால் 107. தோல்நோய் ஆஃபரில் மாதத்துக்கு மூன்று நான்கு ராத்திரி என்று 40, கூட்டங்களுக்கு 12, மொத்தம் 52 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 55 ராத்திரி. இரண்டு ஆஃபருக்கும் டார்கெட் முழுதாக வந்தால் பண வித்தியாசம் 31,000 டாலர். வகுத்துப் பாருங்கள்: குழந்தை தூங்கும்போது நீங்கள் வீட்டில் இல்லாத ஒவ்வொரு கூடுதல் ராத்திரிக்கும் வரிக்கு முன் சுமார் 560 டாலர். பேஸை மட்டும் எடுத்தால் சுமார் 420. அந்த விலைக்கு அது சரியா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். சிலருக்குச் சரி, சிலருக்குச் சரிப்படாது, இரண்டிலும் தவறில்லை.

ராத்திரிக் கணக்கில் வராத நேரம் வேறு இருக்கிறது. மாலை நேரத்தில் டாக்டர்களுக்கான பேச்சாளர் கூட்டங்கள் இருக்கும், கம்பெனி ஏற்பாட்டில் ஒரு டாக்டர் மற்ற டாக்டர்களுக்கு மருந்தைப் பற்றிப் பேசுவது. அதில் நீங்கள் எட்டு, ஒன்பது மணி வரை நின்றுதான் ஆக வேண்டும். துறையின் நெறிமுறைப்படி 2022 ஜனவரி முதல் அந்தக் கூட்டங்களில் மது கொடுக்கக் கூடாது, அரசும் 2020 நவம்பரில் இத்தகைய கூட்டங்களைப் பற்றித் தனியாக எச்சரித்தது. அதனால் முன்பைவிடக் குறைந்திருக்கின்றன, ஆனால் நிற்கவில்லை. கூடுதல் நேரத்துக்குப் பணம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் கிறிஸ்டோஃபர் எதிர் ஸ்மித்கிளைன் பீச்சம் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மருந்து ரெப்புகள் 'வெளி விற்பனையாளர்' வகையில் வருவார்கள், கூட்டாட்சிச் சட்டப்படி ஓவர்டைம் கிடையாது என்று முடித்துவிட்டது. ஞாயிறு மாலை விமானம் ஏறுவதும் அதில் அடக்கம்.

அலைச்சலுக்கான செலவை யார், எப்படித் தருகிறார்கள் என்பது சம்பளத்தில் ஒரு பகுதிதான், ஆனால் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. கம்பெனி கார் தந்தால் சொந்த உபயோகத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை பிடிப்பார்கள், அல்லது அந்த உபயோகத்தின் மதிப்பை உங்கள் வருமானத்தில் சேர்த்து வரி போடுவார்கள். அப்படியிருந்தும் அதிகம் ஓட்டுகிறவருக்குக் கம்பெனி கார்தான் நல்லது. காருக்குப் பதில் மாதத்துக்கு இவ்வளவு என்று பணமாகத் தந்தால், அது மைல் கணக்கோடு சேராத வெறும் அலவன்ஸ் என்றால் முழுவதும் வரிக்கு உட்பட்டது. மைல் கணக்கில் தந்தால் வரித்துறையின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள், 2025இல் அது மைலுக்கு 70 சென்ட். வருடத்துக்கு 30,000 மைல் ஓட்டினால் 21,000 டாலர். இந்த ஓட்டத்துக்கு மாதம் 700 டாலர் அலவன்ஸ் என்று ஒரு கம்பெனி சொன்னால், வருடத்துக்கு 8,400தான், அதிலும் வரி போகும். மீதியை உங்கள் காரின் தேய்மானம் சுமக்கும். முன்பு இந்த மாதிரிச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ள ஓரளவு வழி இருந்தது. 2018 முதல் கூட்டாட்சி வரியில் ஊழியர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. கலிஃபோர்னியாவில் வேலைக்காகச் செய்த செலவை முதலாளி திருப்பித் தர வேண்டும் என்று தொழிலாளர் சட்டத்தின் 2802ஆம் பிரிவு சொல்கிறது. இல்லினாயிலும் இதுபோல் உண்டு. எல்லா மாநிலத்திலும் இல்லை.

ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் கம்பெனி கிரெடிட் கார்டு தருவார்கள். அதன் பாக்கிக்குப் பொறுப்பு கம்பெனியா, நீங்களா என்று கேளுங்கள். பல கம்பெனிகளில் கார்டு உங்கள் பெயரில், கட்டுவதும் நீங்கள், செலவுக் கணக்கை மேனேஜர் ஒப்புக்கொண்ட பிறகுதான் பணம் திரும்பும். மாதம் 4,000 டாலர் ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் போகும் வேலையில் மேனேஜர் லீவில் போனால் உங்கள் வீட்டுப் பணம்தான் முடங்கும்.

பேசிக் குறைக்க முடியுமா என்ற கேள்வி. டெரிட்டரியின் அளவைக் குறைக்க முடியாது, அது தலைமையகத்தில் வரைந்த கோடு. ஆனால் எங்கே குடியிருக்கிறீர்கள், எந்த வரிசையில் போகிறீர்கள் என்பதில் இடம் இருக்கிறது. அரிய நோயில் டாக்டரைத் தினமும் பார்ப்பது தேவையே இல்லை. மாதத்தில் ஒரு முறை சரியான விஷயத்தோடு போய், நடுவில் காணொளி அழைப்பில் பேசினால் போதும் என்று பல மேனேஜர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். 'மாதத்தில் ஒரு வாரம் உள்ளூர் மருத்துவமனைகளும் வீட்டிலிருந்து காப்பீட்டுத் தாள் வேலையும், மற்ற மூன்று வாரத்தில் மட்டும் வெளியூர்ப் பயணம்' என்று நீங்களே ஒரு அட்டவணை போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பவரைவிட, எப்படி வேலை செய்யப்போகிறேன் என்று திட்டத்தோடு வருபவருக்கு மேனேஜர் எளிதில் சரி சொல்வார். நான் மேனேஜராக இருந்தபோது அப்படித்தான் செய்தேன். பணத்தில், பேஸை ஐந்தாறாயிரம் கூட்டிக் கேட்கலாம். அதைவிடச் சேரும்போது தரும் ஒரு முறை போனஸில் அவர்களுக்குக் கை தாராளம். இப்போதைய வேலையை நடுக்காலாண்டில் விட்டால் உங்களுக்கு இழப்பாகும் இன்சென்டிவை எண்ணிச் சொல்லி அதை ஈடுகட்டக் கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். அதே தாளில் 'பணம் தரும் நாளன்று வேலையில் இருந்தால்தான் காலாண்டு இன்சென்டிவ்' என்றும், போட்டிக் கம்பெனிக்கு இத்தனை மாதம் போகக் கூடாது என்றும் வரிகள் இருக்கலாம். இரண்டையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களை மறுக்கிறேன். 'அரிய நோய்க்குப் போகாவிட்டால் வளர்ச்சி இல்லை' என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. அரிய நோய்க் கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது தேடுவது, காப்பீட்டு அனுமதியும் ஸ்பெஷாலிட்டி ஃபார்மசியும் எப்படி ஓடுகின்றன என்று தெரிந்தவரை. அதை ஒரு பயாலஜிக் மருந்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தால் நன்றாகவே கற்றுக்கொள்ளலாம். பிரைமரி கேரிலிருந்து நேராக ஐந்து மாநிலத்துக்கும் புது மருந்துக்கும் ஒரே நேரத்தில் தாவியவர்களில் தடுமாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் திறமைக் குறைவானவர்கள் அல்ல, ஒரே சமயத்தில் எல்லாமே புதிதாகிவிட்டது. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கும் இந்த இரண்டு வருடத்தில் நானாக இருந்தால் தோல்நோய் ஆஃபரைத்தான் எடுப்பேன். முதல் ஆஃபரில் அங்கீகாரத் தேதி, உத்தரவாத இன்சென்டிவ், ராத்திரி எண்ணிக்கை மூன்றுக்கும் தெளிவான பதில் எழுத்தில் வந்து, உங்கள் மனைவிக்கும் சம்மதம் என்றால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

முடிவெடுக்கும் முன் ஒரு நாள், ஏற்கெனவே ஆட்கள் களத்தில் இருக்கும் குழுவில் ஏதாவது ஒரு ரெப்போடு போய் வர அனுமதி கேளுங்கள். இறுதிச் சுற்றில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்பாடு செய்து தருவார்கள். மருத்துவமனைக்குள் விட மாட்டார்கள், அதற்குத் தடுப்பூசிச் சான்றும் காசநோய்ப் பரிசோதனையும் பதிவும் வேண்டும். பரவாயில்லை, காரில் உட்கார்ந்தால் போதும். மத்தியானத்துக்கு மேல் அவர் தளர்ந்து பேச ஆரம்பிப்பார். அப்போது போன காலாண்டு எவ்வளவு வந்தது, இந்த வாரம் எந்த நாள் வீட்டுக்குப் போவார் என்று கேளுங்கள்.